பில்டர் பெட்டியில் பதினாறு துளைகள்

ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. மேல்காற்று. காற்றை அளக்க என்னிடம் கருவி கிடையாது. ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து அந்த இடம் வருவதற்குள் என் தலையில் கட்டியிருந்த துண்டு இரண்டு முறை அவிழ்ந்தது. ஆண்டு மட்டும் தெரியவில்லை. அந்த நாட்குறிப்பின் அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே தேதிகள் இருக்கின்றன, ஆண்டு இல்லை.

இடம், திருச்சுழிக்குத் தெற்கே என் மாமனார் ஊருக்குப் போகும் வழியில் ஒரு கண்மாய்க் கரை. சாலை அந்தக் கரைமேல் ஏறி, மறுபக்கம் இறங்கினால்தான் ஊர். ஏற்றத்தின் அடியில் நான் என் பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பின்னால் இருந்த என் மனைவி ராமலட்சுமி இறங்கினாள். எப்போதும்போலச் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

அறுபத்திரண்டு அடி. அவள் அடி. என் அடியில் ஐம்பத்தைந்துதான்.

நான் முதல் கியரில் போட்டு, இரண்டு காலாலும் தரையை உந்தி, வண்டியோடு பாதி ஓடிப் பாதி ஓட்டி மேலே ஏறினேன். அது சின்ன எஞ்சின், மூன்று கியர். எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. என்னையும் இரண்டு பைகளையும் ஏற்றும். ராமலட்சுமியையும் சேர்த்தால் பாதி ஏற்றத்தில் இருமி நின்றுவிடும்.

கரைமேல் வேப்பமரத்தடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் என் மைத்துனன் சங்கரலிங்கம்.

"அத்தான், வண்டி வாங்குனீகளா, ஆட்டுக்குட்டி வாங்குனீகளா? மேட்டைக் கண்டா நின்னுருதே!"

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

"எங்கக்காவ நடக்க விட்டுட்டுப் பைய மட்டும் ஏத்திட்டு வாரீக. பையி என்ன, உங்க கூடப் பொறந்ததா?"

நானும் சிரித்து வைத்தேன். மச்சினன் கேலி செய்தால் சிரிக்கத்தான் வேண்டும், கோபப்பட்டால் அதற்கு ஒரு கேலி கூடும். ராமலட்சுமி சிரிக்கவில்லை. சேலை ஓரத்துப் புழுதியைத் தட்டிவிட்டுத் தம்பியைத் தாண்டி நடந்துபோனாள்.

அன்று மாலை திரும்பி வரும்போது, பாதி வழியில், என் காதருகே சொன்னாள்: "அடுத்த வாரத்துல இருந்து நான் பஸ்ஸுல வாரேன்."

"ஏன், நடக்க முடியலையா?"

"நடக்குறதுக்கு எனக்கு என்ன? எங்க ஊரு ஆளுக முன்னாடி உங்கள இளக்காரமாப் பேசுறாக. அதைக் கேட்டுக்கிட்டு நடக்கத்தான் முடியல."

ஒரு திருத்தம், ஒரு கணக்கு

மேலே போவதற்கு முன் ஒரு திருத்தம். இந்தத் தொடரில் போன வாரம் எங்கள் தெருக் கிணற்றுக்கு நாற்பது படி என்று எழுதியிருந்தேன். நாற்பத்தொன்று. மேலே உடைந்துபோன ஒரு படியை விட்டுவிட்டேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணுவது எனக்குத் தொழில். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் துணி சரிபார்க்கும் வேலையில் இருபத்தொன்பது வருடம் இருந்தேன். துணிமேல் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். பகலெல்லாம் இழை எண்ணுகிறவன் மாலையில் படியையும் தூணையும் எண்ணாமல் இருக்க முடியாது.

அப்போது எங்கள் வீட்டுக் கணக்கு இது: இரண்டு அறை, எட்டுப் பேர், ஆறு பாய். அம்மா, இரண்டு தம்பிகள், மூத்த தம்பியின் மனைவி, இரண்டு தங்கைகள், நாங்கள் இருவர். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் நானும் ராமலட்சுமியும் அந்த வீட்டுக்குள் தனியாகப் பேசியது, "தண்ணி குடுங்க", "இந்தா" என்பதற்குமேல் போகவில்லை. சுவரின் அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதான் பேச்சு. மாமனார் வீட்டுக்குப் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம்.

டவுனைத் தாண்டும்வரை ராமலட்சுமி வாய் திறக்கமாட்டாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். கடைசி பெட்ரோல் பங்க் தாண்டியதும் ஆரம்பிப்பாள். இரண்டு பக்கமும் கருவேலமும் கரிசலும். காற்றுக்கு எதிராகப் பேச வேண்டும் என்பதால் மோவாயை என் தோள்மேல் வைத்துக்கொள்வாள். தேங்காய் எண்ணெய் மணம் வரும். தேங்காய் எண்ணெய்ப் புட்டியை என் தம்பி மனைவி எங்கே ஒளித்துவைக்கிறாள் என்பதுகூட அந்தப் பேச்சில்தான் எனக்குத் தெரியவந்தது. தான் கண்ட கனவு, தான் வளர்த்த ஆட்டின் பெயர், எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியபோது அழுதது, எல்லாம் அந்தச் சாலையில்தான் கேட்டேன். நான் "ம்" போடுவேன். ஒரு நடையில் நூற்றுக்குமேல் "ம்" போயிருக்கும்.

அவள் பஸ்ஸில் போனால் இது போய்விடும். பஸ்ஸில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம்.

ஆகவே வண்டிக்கு எப்படியாவது இழுவை கூட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜபருல்லா பாயின் கேள்வி

எங்கள் வண்டியைப் பார்த்தவர் ஜபருல்லா பாய். வீரசோழன் என்ற ஊர்க்காரர். அருப்புக்கோட்டையில் பட்டறை வைத்திருந்தார். காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் பஸ்ஸில் போவார். ஊரில் இருந்த அத்தனை வண்டிகளையும் ரிப்பேர் பார்த்தவர் தனக்கென்று ஒரு வண்டி வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால், "பல் டாக்டர் தன் பல்லைத் தானே புடுங்குவாரா?" என்பார்.

"பாய், இந்த எஞ்சின் வீணாப்போச்சு. வேற எஞ்சின் போட எவ்வளவு ஆகும்?"

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டுக்கு அடியில் இடப்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, ஏர் பில்டர் பெட்டி. அதன் வாயில் தன் சுண்டு விரலை விட்டுக் காட்டினார். விரல் இறுகிக்கொண்டது.

"எஞ்சின ஏன் சார் வையிறீக? மூக்கப் பொத்திக்கிட்டு மூட்டை தூக்கச் சொன்னா எவன் தூக்குவான்? இம்புட்டு ஓட்டை வழியா அது எப்படி மூச்சு விடும்?"

"அப்ப என்ன செய்யணும்?"

"மூடியில பதினாறு ஓட்டை போடுவம். காத்து நல்லா உள்ள போகும். காத்து கூடுனா பெட்ரோலும் கூடணும், அதுக்குக் கார்புரேட்டருல பெட்ரோல் விடுற ஜெட்டுல பெருசா ஒண்ணு மாத்துவம்."

"ஏன் பதினாறு? பதினஞ்சு பத்தாதா?"

பாய் கழற்றிய தகட்டைக் கீழே வைத்தார். "சார், ஓட்டைக்கு ஓட்டை தனிக் காசு இல்ல. பயப்படாதீக."

"பெட்ரோல் எவ்வளவு கூடக் குடிக்கும்?"

"குடிக்கும்."

"எவ்வளவு?"

"ஏறணுமா வேண்டாமா சார்?"

ஏற வேண்டும் என்றேன். அவர் துளை போடும்போது நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். நாலு வரிசை, வரிசைக்கு நாலு. கறுப்புத் தூள் சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. பதினோராவது துளை கொஞ்சம் கோணல். சொன்னேன். "காத்துக்குக் கோணல் தெரியாது சார்" என்றார்.

பெட்டிக்குள் புழுதியைத் தடுக்க வைத்திருந்த பஞ்சை எடுத்தபோது அது கையிலேயே உதிர்ந்துவிட்டது. புதுப் பஞ்சு மதுரையிலிருந்து வர வேண்டும், பத்து நாளாகும், அதுவரை வண்டியைப் புழுதியில் எடுக்காதீர்கள் என்றார். பத்து நாளில் ஒரு ஞாயிறு போய்விடுமே.

அங்கேதான் என் படிப்பும் தொழிலும் என்னைக் கெடுத்தன.

எங்கள் சங்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்வார்கள். சல்லாத் துணி, காற்று தாராளமாகப் போகும். புழுதி போகுமா? ஒரு சிட்டிகைக் கரிசல் மண்ணைக் காகிதத்தில் மடித்துச் சங்கத்துக்கு எடுத்துப்போய், கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பிறகு துணியை வைத்துப் பார்த்தேன். இழைக்கு இழை உள்ள இடைவெளியைவிட மண் துகள் பெரிதாகத்தான் இருந்தது. இரண்டு முறை பார்த்தேன். திருப்தி. இனிப் பஞ்சே வேண்டாம் என்று, துணியை இரண்டு மடிப்பாக மடித்துப் பஞ்சு இருந்த இடத்தில் வைக்கச் சொன்னேன்.

பாய் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது வழியா உங்க முகமே தெரியுது சார்."

"எண்ணிப் பாத்துட்டேன் பாய்."

"அப்பச் சரி." மூடியை மாட்டினார். "சத்தம் கொஞ்சம் வரும்."

"எவ்வளவு?"

"அதை எண்ண முடியாது சார்."

கரை ஏறிய ஞாயிறு

ஆடி இருபத்து மூன்று. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வா. ஏறலைன்னா இனிமே பஸ்ஸுதான்" என்று ராமலட்சுமியைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். கரையடி வந்ததும் பழக்கத்தில் இறங்கப் பார்த்தாள்.

"உக்காரு."

"வேண்டாங்க. பாதியில நின்னா பின்னாடி உருண்டுரும்."

"உக்காருன்னா உக்காரு."

முதல் கியர். கைப்பிடியை முழுக்க முறுக்கினேன். அந்தச் சின்ன வண்டி உறுமியது. சைலன்சரிலிருந்து அல்ல, சீட்டுக்கு அடியிலிருந்து, துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சும் உறுமல். எருமை தண்ணீர் குடிப்பதை மைக்கில் வைத்ததுபோல இருந்தது. அவள் கை என் தோளை இறுக்கியது. பாதி ஏற்றம், அது இருமும் இடம், வந்தது. இருமவில்லை. வேப்பமரம் பக்கவாட்டில் போனது.

சங்கரலிங்கம் எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, நீ எறங்கவே இல்லையா?"

"எதுக்குடா எறங்கணும்?" என்றாள் ராமலட்சுமி, அந்தச் சாலையில் அப்படி ஒரு விஷயமே நடந்தது இல்லை என்பதுபோல.

என் வாழ்க்கையில் பதக்கம் எதுவும் வாங்கியதில்லை. அந்த ஒரு பதில் போதும்.

கேட்காத பேச்சு

திரும்பும் வழியில்தான் தெரிந்தது. மோவாய் தோள்மேல் வந்தது. தேங்காய் எண்ணெய் மணம் வந்தது. பேச்சு வரவில்லை. பேசுகிறாள், தோளில் மோவாய் அசைவது தெரிகிறது. உறுமல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. மெதுவாக ஓட்டினால் கேட்கும் என்று பார்த்தேன். மெதுவாக ஓட்டினாலும் உறுமல் குறையவில்லை.

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவளுக்காகச் செய்த வேலை அது. அதுவே அவள் பேச்சைத் தின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? வழக்கம்போல "ம்" போட்டேன். அந்தச் சத்தத்தில் என் "ம்" அவளுக்குக் கேட்காதே என்று தோன்றியதும், அதற்குப் பதிலாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தேன்.

அப்படி நான்கு ஞாயிறு. நான்காவது ஞாயிறு, கரை ஏறிக்கொண்டிருக்கும்போது, உறுமல் உச்சத்தில் இருக்கும்போது, என் தோளை இரண்டு முறை தட்டினாள். ஏதோ சொன்னாள். அசைவு நீளமாக இருந்தது, ஏழெட்டு வாக்கியம் இருக்கும். பிறகு நிறுத்திக் காத்திருந்தாள். கேள்வி என்பது மட்டும் தெரிந்தது.

தலையை ஆட்டினேன். ஒரு முறை போதாதோ என்று இன்னொரு முறையும் ஆட்டினேன்.

என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஊர் வரும்வரை எடுக்கவில்லை. வண்டியைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

முப்பத்தெட்டாவது இழை

அடுத்த வியாழன், பதினொன்றே முக்கால் மணி. சங்கத்தில் ஒரு துண்டை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாவது இழையில் இருந்தபோது வாசலில் சங்கரலிங்கம்.

"அத்தான், இத்தனை நாளா உங்களக் கேலி பேசினேன். மன்னிச்சுக்கங்க."

"எதுக்குய்யா?"

"பாளையம்பட்டியில ஒரு வாடகை வீட்டுக்கு இப்பத்தான் அக்கா கூடப் போயி அட்வான்ஸ் குடுத்துட்டு வாரேன். தனிக்குடித்தனம் போவமான்னு கேட்டதுக்கு ஒரு வார்த்தை எதுத்துப் பேசாமச் சரின்னு தலையாட்டுனீகளாம்ல. ரெண்டு தடவ ஆட்டுனாகன்னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. எங்க ஊருல எந்த மாப்பிள்ளையும் அம்மாகிட்டக் கேக்காம இப்படிச் சொல்லமாட்டான்."

அந்தத் துண்டுக்கு முப்பத்தெட்டோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்தொன்பது வருடத்தில் முழுதாக எண்ணாமல் நான் பாஸ் செய்த ஒரே துண்டு அது.

நான் மூத்த மகன். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருக்கலாம், ராமலட்சுமியிடம் போய், "எனக்குக் கேட்கவே இல்லை, அட்வான்ஸைத் திருப்பி வாங்கு" என்று சொல்லலாம். சங்கத்திலிருந்து வீடு வரை ஆயிரத்து நூறு அடி. அத்தனை அடியிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். வாசலில் அவள் நின்றிருந்தாள். மூன்று வருடத்தில் அவளை அப்படி ஒரு முகத்தோடு அந்த வாசலில் நான் பார்த்ததில்லை. வாக்கியம் வயிற்றுக்குள் போய்விட்டது.

அம்மா முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தனிக்குடித்தனம் போகிறோம் என்று சொன்னேன்.

"ஏலே, இதைச் சொல்லவா உனக்கு மூணு வருசம் ஆச்சு?" என்றார் அம்மா. "நானும் உங்கப்பாவும் தனியா ஒரு வார்த்தை பேசணும்னா வைக்கப்படப்புக்குப் பின்னாடிதான் போவம். போங்க. ஒரு பாய்க்கு எடம் கெடைக்கும்."

நாலைந்து புளி உடைத்த பிறகு, நிமிராமல் கேட்டார்: "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வருவேல்ல?"

அம்மா இருந்தவரை ஒரு வெள்ளி தவறவில்லை. நாங்கள் போன பிறகு எங்கள் பாயைச் சுருட்டிப் பரண்மேல் வைத்த அம்மா, யார் கேட்டும் அதை விரிக்கவிடவில்லை என்பதைத் தங்கை பிற்பாடு சொன்னாள்.

பதினாறு ஒட்டு

புது வீட்டுக்குப் போன மறுவாரம் வண்டி நீலமாகப் புகைத்தது. பாய் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனிலும் அது ஓடும் உருளையிலும் நெடுகக் கீறல்.

"சார், எண்ணிப் பாத்தேன்னு சொன்னீகளே. இது துணியா, சல்லடையா?"

கண்ணாடிக்கு அடியில் நான் பார்த்தவை துகள்கள் அல்ல, துகள்கள் ஒட்டிய கட்டிகள். கரிசல் தரையில் கிடக்கும்போது ஒரு அளவு, காற்றில் ஏறினால் வேறு அளவு. கட்டுத்துணியை அது கவனிக்கவே இல்லை. புதுப் பிஸ்டன், உருளைக்குக் கடைசல், புதுப் பஞ்சு.

"ஓட்டையை என்ன செய்வம்? இப்பப் பஞ்சு வந்துருச்சு, அப்படியே விட்டாலும் நல்லாத்தான் ஓடும்."

"அடைச்சிருங்க பாய். பழைய ஜெட்டையும் மாட்டிருங்க."

"கரை ஏறாதே சார்."

"தெரியும்."

சைக்கிள் பஞ்சருக்கு ஒட்டும் ரப்பர்த் துண்டு பதினாறு வாங்கி ஒவ்வொன்றாக ஒட்டினார். கோணலான பதினோராவது துளைக்குக் கொஞ்சம் பெரிய துண்டு.

அடுத்த ஞாயிறு கடைசி பெட்ரோல் பங்க் தாண்டியதும் மோவாய் தோளில் வந்தது. பேச்சும் வந்தது. புது வீட்டுக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்ற பேச்சு. அதைவிட இனிமையான பேச்சை நான் கேட்டதில்லை. கரையடியில் நிறுத்தினேன். "ஏன் ஏறலை?" என்று அவள் கேட்கவில்லை. இறங்கினாள், கொசுவத்தைப் பிடித்தாள், நடந்தாள். அறுபத்திரண்டு அடி. வேப்பமரத்தடியில் ஐந்து பேரும் இருந்தார்கள். சங்கரலிங்கம் எழுந்து என் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினான்.

செவ்வாய்க்கிழமை கேட்டது

பாளையம்பட்டி வீட்டை நாங்களே பிற்பாடு வாங்கிவிட்டோம். அதே வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வண்டி பின்கட்டில் சாக்குக்கு அடியில் நிற்கிறது. எழுதுவதற்கு முன் போய்த் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒட்டில் மூன்று உதிர்ந்துவிட்டன. பதின்மூன்று இருக்கின்றன.

இந்தத் தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் படிப்பவள் ராமலட்சுமி. அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று, போன செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, அவள் கொத்தமல்லி விதை புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அன்னிக்குக் கரை ஏறையில நீ கேட்டியே, தனிக்குடித்தனம் போவமான்னு. அது எனக்குக் கேக்கல."

முறம் நிற்கவில்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அதுக்கு முந்தின வாரம், 'உங்க தலையில காக்கா உக்காந்திருக்கு'ன்னேன். அதுக்கும் தலையாட்டுனீக."

நான் என் தலையைத் தடவிப் பார்த்தேன்.

"கேக்குற மாதிரி கேட்டா நீங்க யோசிப்பீக. யோசிச்சா எண்ணுவீக. எண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும். அதான் சத்தம் கூடுற எடமாப் பாத்துக் கேட்டேன்."

"நான் வேண்டாம்னு தலையாட்டியிருந்தா?"

"இன்னொரு மேட்டுல கேட்டிருப்பேன்."

வேறு வழியில்லாமல் நோட்டை எடுத்தேன். அந்த வண்டிக்கு மூச்சு கொடுத்ததில் எனக்கு எவ்வளவு செலவானது என்று இத்தனை வருடம் கழித்தாவது கூட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? துளை போட்ட கூலி இருபது. ஜெட் இருபத்திரண்டு. கட்டுத்துணி ஒன்றரை ரூபாய். பிஸ்டன், கடைசல், பஞ்சு அறுநூற்று நாற்பது. ரப்பர் ஒட்டு பதினாறு, எட்டு ரூபாய். பாளையம்பட்டி வீட்டு அட்வான்ஸ் ஆயிரம். மொத்தம் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று ஒன்றரை ரூபாய் என்று எழுதிக் கோடு போட்டேன்.

ராமலட்சுமி எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"அட்வான்ஸு எங்கய்யா குடுத்த மல்லி வித்த காசு. என் காசு. அதை உங்க கணக்குல சேக்காதீக."

அடித்துவிட்டு மறுபடி கூட்டினேன். அறுநூற்றுத் தொண்ணூற்று ஒன்றரை ரூபாய்.